எட்டே கால் கிலோ

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போது மகிழினியின் இடுப்பு அவள் சொன்னபடி கேட்பதை நிறுத்தியிருந்தது. காய்ச்சிய கடப்பாரையை யாரோ முதுகுத்தண்டின் அடியில் செருகிவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி ஒரு வலி. எட்டாம் மாதம். காலையில் போட்டுவந்த செருப்பு சாயங்காலம் காலில் ஏறவில்லை. கர்ப்பிணிகளுக்கு இலகு வேலைதான் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எது இலகு வேலை என்று முடிவு செய்வது கம்பெனி.

ஒரகடத்துப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனி கார்களில் பொருத்தும் பேபி சீட் செய்தது. ஏழு வருஷம் தையல் லைனில் பெல்ட் தைத்தவளை, வயிறு தெரிய ஆரம்பித்ததும் சோதனைக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். தண்டவாளம் போட்ட நீளக் கொட்டகை. ஒரு முனையில் சீட்டுக்குள் பொம்மைக் குழந்தையை வைத்துக் கட்டுவார்கள். மறுமுனையில் கான்கிரீட் சுவர். விசை தட்டினால் சீட் பாய்ந்து போய் சுவரில் மோதும். பிறகு மகிழினி போய் பெல்ட்டின் தையலை விரலால் தடவிப் பார்ப்பாள். எந்த இழை விட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லப் பத்து நிமிஷம் ஆகும். அவள் விரலுக்கு அரை நிமிஷம்.

"திரும்பு. ரெண்டு கையையும் மேஜ மேல ஊனிக்க" என்றாள் கௌசிகா. பக்கத்து மேஜைக்காரி, ஒரே லைன் வீட்டில் இரண்டு கதவு தள்ளிக் குடியிருப்பவள். முழங்கையை மடக்கி மகிழினியின் இடுப்பில் வைத்து அழுத்தினாள்.

"யக்கா, உயிர் போவுது."

"போனா சொல்லு, நிறுத்திடறேன். நாளைக்கு ஸ்டோர்ல போயி எல்லாம் பாக்கப் போறீங்களாமே?"

"சீட்டு, தொட்டிலு ரெண்டும். தருண் லிஸ்டே போட்டு வச்சிருக்கு."

"தொட்டில் வாங்கிடாத. எங்க வீட்டுக்காரரு பழைய பைப்பெல்லாம் பொறுக்கிட்டு வந்து எதையோ வெட்டிட்டு இருக்காரு. கேட்டா கோழிக்கூண்டுன்றாரு. கோழியே இல்ல."

கௌசிகாவின் வீட்டுக்காரர் லோகேஷ், வெல்டர். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை அன்று விடிகாலை, கௌசிகாவை பைக்கில் வைத்து வேலைக்குக் கொண்டுவந்து விடும்போது கம்பெனி ரோட்டில் அடிபட்டார். கன்டெய்னர் யார்டிலிருந்து ஒரு ட்ரெய்லர் ரிவர்ஸில் வந்து ரோட்டை அடைத்துவிட்டது. பைக்கை ஒட்டி அதே திசையில் தானே ஓடும் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. கார் ட்ரெய்லரில் மோதவேண்டும், இல்லையென்றால் இடது பக்கம் ஒடிக்கவேண்டும். இடது பக்கம் லோகேஷின் பைக். காருக்குள் குழந்தை இருந்தது, அதனால் கார் இடது பக்கம் ஒடித்தது. முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று.

சாலை ஆணையம் தீர்ப்பு எழுதியது: குழந்தை இருந்த வாகனத்துக்கு வழி விடப்பட்டது, எவர்மீதும் குற்றமில்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. அதோடு ஒரு கடிதம், 'தங்களால் ஒரு குழந்தையின் உயிர் காக்கப்பட்டது' என்று. லோகேஷ் அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டுவார். குழந்தை யாருடையது என்று மட்டும் ஆணையம் சொல்லவில்லை. குழந்தைகளின் விவரத்தை வெளியே விடக்கூடாது என்று சட்டம்.

*

மறுநாள் சனிக்கிழமை. தொழிலாளர்களுக்கான ஸ்டோரில் பேபி சீட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. சீட் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் பிறந்த குழந்தையை வெளியே அனுப்பாது. சொந்தக் கார் இருக்கிறதா என்பது வேறு பேச்சு. ஷேர் வேனில் போனாலும் சீட்டில் கட்டித்தான் போகவேண்டும்.

மகிழினியின் கணவன் தருண் சுமையேற்றும் கிடங்கில் கிரேன் ஓட்டுபவன். பளு என்றால் அவனுக்குத் தெரியும். ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்தான், அடுத்ததைத் தூக்கிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே வெயிட்டுதான் இருக்குது. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு நாலு மடங்கு சொல்றீங்க?"

ஸ்டோர் பையன் மனப்பாடமாக ஆரம்பித்தான். "சார், இது ஸ்டான்டர்டு. இது பிரீமியம். ரோட்டுல வண்டிங்க எல்லாம் ஒன்னோட ஒன்னு பேசிக்கும்ல. மோதப்போற நேரம் வந்தா, யாரு எவ்ளோ அடி வாங்கறதுன்னு கண்ணிமைக்கறதுக்குள்ள பேசி முடிச்சிடும். அந்தப் பேச்சுல சீட்டும் சேர்ந்துக்கும். 'எங்கிட்ட கொழந்த இருக்கு'ன்னு சொல்லும்."

"ரெண்டு சீட்டும் சொல்லும்ல?"

"சொல்லும் சார். ஆனா ஸ்டான்டர்டு சொன்னா மத்த வண்டிங்க ஒடனே நம்பாது. சமயத்துல அரிசி மூட்டையக்கூட கொழந்தன்னு சொல்லிடும். அதனால கேமராவுல ஒரு தடவ சரிபாக்கும். பிரீமியம் வெயிட்டு பாக்கும், பெல்ட்டு பாக்கும், உள்ள சூடு இருக்குதான்னு பாக்கும். அது சொன்னா மறுபேச்சு கெடையாது. எல்லா வண்டியும் ஒதுங்கிடும்."

"சரிபாக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"கால் செகண்டு சார்."

தருண் பிரீமியம் சீட்டின் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

"மாமா, கைய எடு" என்றாள் மகிழினி. "ரெண்டுக்கும் பெல்ட்டு நான் தச்சதுதான். ஒரே நூல், ஒரே ஊசி. சுவத்துல மோதுனா ரெண்டும் ஒரே மாதிரிதான் புடிக்கும். நான் தெனம் பாக்கறேன்."

"புடிக்கறத பத்தி நான் பேசல. கால் செகண்ட பத்தி பேசறேன். நம்ம புள்ளைக்கு ஊரே ஒதுங்குச்சுன்னா உனக்கு கசக்குதா?"

"ஊரு எங்க ஒதுங்குது? பைக்கு அந்தப் பேச்சுலயே இல்ல, அது ஒதுங்க முடியாது. நீ பைக்குல போறவன்."

தருண் சிரித்தான். "அப்பன் ஒதுங்கலன்னா வேற எவன் ஒதுங்குவான்."

அடுத்த வரிசையில் தானே ஆடும் தொட்டில் இருந்தது. குழந்தை அழுதால் எதற்கு அழுகிறது என்று போனுக்குச் சொல்லுமாம். "அழுதா பாலு, இல்லன்னா மூத்திரம். இத சொல்ல ஒரு தொட்டிலு" என்றாள் மகிழினி. ஸ்டோர் பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே.

*

திங்கட்கிழமை சம்யுக்தா மேடம் சோதனைக் கொட்டகைக்கு வந்தார். தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். மற்ற மேனேஜர்கள் மாதிரிக் கத்தமாட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"மகிழினி, பேபிக்கு சீட் வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"வாங்க வேண்டாம். எங்க பொண்ணுக்கு அஞ்சு வயசாச்சு, சீட் சும்மா கெடக்கு. பிரீமியம் தான். எங்கம்மா சொல்வாங்க, பொறந்த குழந்தைக்கு மொதல்ல புதுசு போடக்கூடாது, நல்லா வளர்ந்த குழந்தையோட பழசத்தான் போடணும்னு. நீங்க அப்டிப் பாக்கறது உண்டா?"

உண்டு. மகிழினி வீட்டில் முதல் சட்டையே அடுத்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய பழையதாகத்தான் இருக்கும். நோய்நொடி இல்லாத பிள்ளை உடுத்திய துணி. சட்டைக்கு இருப்பது சீட்டுக்கும் உண்டுதானே. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஏழு வருஷத்தில் மேனேஜர் ஒருவர் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"குழந்த பொறந்ததும் ஆஸ்பத்திரியிலயே பேர் பதிஞ்சிடுங்க" என்றார் மேடம். "பழைய பதிவெல்லாம் தானா அழிஞ்சிடும். இல்லன்னா இப்பவே கர்ப்பிணி அட்டைய வச்சுக்கூட பதியலாம். அது இன்னும் நல்லது."

அன்று மாலை சீட் வந்தது. மேடத்தின் வீட்டு ஆளே கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். தருண் அதைச் சுற்றிச்சுற்றி வந்தான். உள்ளே உட்கார்ந்து பார்க்க முடியாதது ஒன்றுதான் அவனுக்குக் குறை.

*

பழைய சீட்டை யார் கொண்டுவந்தாலும் மகிழினி கேட்கும் முதல் கேள்வி, அது அடிவாங்கியதா என்பது. அடிவாங்கிய சீட் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தையல் விட்டிருக்கும். தன் வீட்டுக்கு வந்ததை மட்டும் பார்க்காமல் விடுவாளா. மறுநாள் சீட்டைக் கம்பெனி வேனில் போட்டுக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் சோதனை மேஜையில் வைத்தாள்.

தையல் நன்றாகத்தான் இருந்தது. தன் கைவேலையை அவளே அடையாளம் கண்டுகொண்டாள். மெத்தைக்கு அடியில் விரலை விட்டபோது கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தாள். காய்ந்து கறுத்துப்போன எலுமிச்சம்பழம்.

புது வண்டிக்கு டயருக்கு வைப்பார்கள், உருண்டு உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சீட்டின் ஒயரைப் பதிவு படிக்கும் கருவியில் சொருகினாள். சீட் தன் குழந்தையைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு சீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். குழந்தையின் அந்தரங்கம் என்று, சீட்டை உடைக்கப் போடும்வரை ஆணையத்துக்குக்கூடப் போகாது. மோதல் நேரத்தில் 'குழந்தை இருக்கிறது' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் வெளியே போகும். செய்த கம்பெனியின் கருவி மட்டும் உள்ளே படிக்கும்.

திரையில் எடைகள் ஓடின. மூன்று கிலோவில் ஆரம்பித்து, ஐந்து, ஏழு, பத்து. குழந்தை நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. பதினான்கு கிலோவில் வரும்போது ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று. காலை ஐந்து ஐம்பது. இடம், கம்பெனி ரோடு. எடை எட்டே கால் கிலோ. பெல்ட் பூட்டப்பட்டது. சூடு உண்டு. 'குழந்தை இருக்கிறது' என்று சொல்லப்பட்டது. ஏற்கப்பட்டது.

முதல் நாள் எடை பதினான்கு கிலோ நூறு கிராம். மறுநாளும் அதே பதினான்கு கிலோ நூறு. நடுவில் ஒரு காலையில் மட்டும் எட்டே கால்.

மகிழினி எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு வாசலில் உடைக்கும் பூசணிக்காயைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுதான் கொண்டுவரும். வாசலில் உடைத்ததைத் தாண்டிக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போவார்கள். அந்த வருஷமும் உடைத்தார்கள். ரோட்டில் ரத்தத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் காய்வதற்குள் உடைத்தார்கள். பெரிய காய், நல்ல சிவப்புக் குங்குமம்.

பூசணிக்காய் உருளாமல் இருக்க மேடம் அதைச் சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஒயர்ப்பெட்டி ஓரத்திலோ அடுப்படியிலோ கிடந்த காய் இளஞ்சூடாக இருந்திருக்கும். மறுபேச்சு இல்லாத சீட் அதைக் குழந்தை என்று சொன்னது. ட்ரெய்லரும் காரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. சீட் காலியாக இருந்திருந்தால் கார் ட்ரெய்லரின் வாலில் மோதியிருக்கும். காற்றுப்பை விரிந்திருக்கும். மேடத்துக்கு ஒரு வாரம் கழுத்து வலித்திருக்கும்.

*

"அழிச்சிடு" என்றான் தருண்.

அவன் கெட்டவன் இல்லை. குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தான்.

"படம் புடிச்சு வச்சுக்கலாம்ல. அப்பறம் நம்ம புள்ள பேர ஏத்திடுவோம்."

"படம் செல்லாது மாமா. சீட்டோட பதிவு இருந்தாத்தான் ஆணையம் பாக்கும். நம்ம புள்ள பேரு ஏறுனா அது போயிடும். அதுக்குத்தான் குடுத்திருக்காங்க."

"அவங்க தெரிஞ்சு குடுத்தாங்கன்னு நீயா சொல்றியா?"

"ஒடைக்கப் போட்டிருந்தா ஒடைக்கறவன் பதிவ எடுத்து ஆணையத்துக்கு அனுப்பியாவணும். வீட்டுலயே வச்சிருந்தா என்னைக்காவது எவனாவது பாப்பான். புது கொழந்த பேரு ஏறுனா மட்டும்தான் தடம் இல்லாம போவும். சட்டத்த படிச்சவங்க மாமா அவங்க."

தருண் ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றான். "சரி. லோகேஷ் அண்ணனுக்கு இது தெரிஞ்சா கால் மொளைக்குமா?"

"மொளைக்காது."

"அந்த மனுசன் கால எடுத்ததுக்கப்பறம் மூணு மாசம் செவுத்தப் பாத்தே படுத்திருந்தாரு. நான்தான் தூக்கி உக்கார வச்சு சவரம் பண்ணி விடுவேன். அந்தக் காயிதம் வந்த அன்னைக்குத்தான் எழுந்து உக்காந்தாரு. 'தம்பி, ஒரு புள்ள பொழச்சிருக்குடா'ன்னாரு. இப்ப போயி, இல்லண்ணே, பூசணிக்காய்தான்னு சொல்லப்போறியா?"

மகிழினி அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சீட்டைப் பற்றிய முடிவு மட்டும் அவளிடம் இருந்தது.

"சொல்றதா வேணாமான்னு எனக்குத் தெரியல. ஆனா என் புள்ள பேர வச்சு ஒருத்தரு கால மறைக்க மாட்டேன். ஸ்டோர்ல போயி ஸ்டான்டர்டு எடுத்துட்டு வா. பெல்ட்டு என் பெல்ட்டு. அது புடிக்கும்."

"கால் செகண்டு?"

"அந்தக் கால் செகண்டுலதான் எதிர்ல வர்றவன் கேமராவ தொறந்து இது புள்ளையா காயான்னு பாக்கறான். பாக்கட்டும். பாத்துட்டு ஒதுங்கட்டும்."

தருண் தட்டை வழித்துச் சாப்பிட்டான். எழுந்து கைகழுவும்போது, "ஸ்டான்டர்டுல நீலக் கலரு இருக்குதா?" என்று கேட்டான்.

*

வியாழக்கிழமை மேடமே கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அறை. ஏசி குளிரில் மகிழினியின் இடுப்பு இன்னும் இறுகியது. மேடம் நாற்காலியைக் காட்டினார், அவள் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசவேண்டிய பேச்சு இல்லை இது என்று அவளுக்குத் தோன்றியது.

"பேர் பதிஞ்சாச்சா?"

"இல்ல மேடம்."

"ஏன், எதாவது ரிப்பேரா?"

"சீட்டு நல்லா இருக்கு. அன்னைக்கு பாப்பா வண்டில இருந்துச்சா மேடம்?"

மேடம் என்றைக்கு என்று கேட்கவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நான் சீட்டப் பத்தி யோசிக்கவே இல்ல, மகிழினி. காய் உருளுதுன்னு மாட்னேன். கார் திரும்பினப்பகூட ஏன் திரும்புதுன்னு தெரியல. ஆணையத்தோட தீர்ப்பு வந்தப்பதான் புரிஞ்சுது. 'குழந்தை இருந்த வாகனம்'னு போட்டிருந்தான்." பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா மேடம்."

"சொன்னா என் வேலை மட்டும் போகாது. நம்ம பிரீமியம் சீட் எதையும் யாரும் நம்பமாட்டாங்க. லைன மூடுவாங்க. உங்களுக்கெல்லாம் வேலை கொடுக்கறது அந்த லைன்தான்."

"அது நெசந்தான்."

"அப்பறம் உன் குழந்தைய யோசி. அந்த சீட் உன் குழந்தைக்காகக் கத்தும். எல்லாரும் கேப்பாங்க." இதுவரை 'ங்க' போட்டுப் பேசியவர் அப்போதுதான் ஒருமைக்கு வந்தார்.

"கேப்பாங்க மேடம். எங்க வீட்டுக்காரரு பைக்குலதான் வேலைக்குப் போறாரு. அவருந்தான் கேக்கணும்." மகிழினி மேஜையில் கையை ஊன்றி எழுந்தாள். "சீட்டத் திருப்பித் தரமாட்டேன். என் பேருக்குக் குடுத்துட்டீங்க."

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். வேலை போனால் தையல் மிஷின் இருக்கிறது, அதற்கு எந்த ஊரிலும் சோறு உண்டு என்று நினைத்துக்கொண்டாள். வேலை போகவும் இல்லை. பதிவு உள்ள சீட் ஒரு வீட்டுப் பரணில் இருக்கும்வரை அந்த வீட்டுக்காரியின் வேலையில் யார் கைவைப்பார்கள்.

*

கௌசிகாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகே, ஈரத்துணியின் ஒரு முனையை இவள் பிடிக்க மறுமுனையை அவள் முறுக்கும்போது, மகிழினி ஆரம்பித்தாள். தேதியைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள்.

"எட்டே கால் கிலோ இருந்துச்சு யக்கா."

கௌசிகா முறுக்குவதை நிறுத்தவில்லை. தண்ணீர் சொட்டி முடிந்தபிறகு, "அவ்ளோ இருக்குமா? நான் ஆறு கிலோன்னு நெனச்சேன்" என்றாள்.

மகிழினி துணியை விட்டுவிட்டாள். அது மண்ணில் விழுந்தது.

"எடு, அழுக்காவுது" என்று கௌசிகாவே குனிந்து எடுத்தாள். "நான் பின்னாலதான உக்காந்திருந்தேன். மணல்ல போயி விழுந்தேன், ஒன்னும் ஆவல. எழுந்ததும் இவரப் பாக்கல மகிழ். மொதல்ல காரப் பாத்தேன். உள்ள பேபி சீட்டு தெரிஞ்சுது. புள்ளைய தூக்கலாம்னு ஓடுனேன். கதவத் தொறந்தா பெல்ட்டு போட்டுட்டு பூசணிக்கா உக்காந்திருக்கு. நம்ம பெல்ட்டு. நீ தச்சதா நான் தச்சதா தெரியல."

"மேடம் உன்னப் பாத்தாங்களா?"

"கண்ண மூடிட்டு உக்காந்திருந்தாங்க. கதவ சாத்திட்டுத் திரும்புனேன். அப்பத்தான் இவரு கத்தறது காதுல வுழுந்துச்சு." அவள் துணியை மறுபடி நீரில் அலசினாள். "மொதல்ல வேல போயிடும்னு சொல்லல. அத மறைக்க மாட்டேன். அவரு படுத்த படுக்கையா இருந்தப்ப ஒருத்தி சம்பளந்தான். அப்பறம் அந்தக் காயிதம் வந்துச்சு. படிச்சிட்டு சோறு கேட்டாரு. மூணு மாசம் கழிச்சு வாயத் தொறந்து சோறு கேட்டாரு. அதுக்கு மேல நான் எப்பிடி சொல்லுவேன்?"

மகிழினிக்கு இடுப்பு வலித்தது. கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த சீட்ட என்னா பண்ணட்டும் யக்கா?"

"அழிச்சிட்டியா?"

"இல்ல."

"அழிக்காத. பரண்ல வச்சிரு." கௌசிகா துணியை உதறிக் கொடியில் போட்டாள். "சொல்ற அன்னைக்கு வெறும் வாயால சொன்னா நம்பமாட்டாரு. என்னத்தான் அடிக்க வருவாரு. அப்ப அது வேணும். நாந்தான் சொல்லணும். நீ முந்திக்காத."

"எப்ப யக்கா?"

"அவருக்கு அந்தக் காயிதத்த விட்டா வேற எதாச்சும் புடிச்சிக்க இருக்கறப்ப."

*

ஐந்து வாரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சீட்டைச் சரிபார்த்தார். நீல நிற ஸ்டான்டர்டு. மகிழினி தன் கையாலேயே பெல்ட்டைப் பூட்டி, தையலை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு ஷேர் வேனில் ஏறினாள். தருண் பைக்கில் பின்னாலேயே வந்தான். ஒரு திருப்பத்தில் பின்னால் வந்த கார் கொஞ்சம் நெருங்கியது, கால் செகண்டு தயங்கியது, பார்த்தது, ஒதுங்கியது. பைக்குக்கும் இடம் விட்டுத்தான் ஒதுங்கியது. வேனில் இருந்த யாருக்கும் அது தெரியக்கூட இல்லை. மகிழினிக்குத் தெரிந்தது.

வீட்டில் லோகேஷ் காத்திருந்தார். செயற்கைக் காலை நேராக நிறுத்தி, ஒரு கையால் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய பைப்பில் செய்த தொட்டில். மூலைகளை எல்லாம் தேய்த்து உருட்டியிருந்தார். பற்றவைத்த இடம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மகிழினி விரலால் தடவினாள். விரலுக்கும் தெரியவில்லை.

"கம்பிக்குக் கம்பி ரெண்டு வெரல் எடவெளிம்மா. தல மாட்டாது, கை மாட்டாது. அளந்து வச்சிருக்கேன்" என்றார். "மேல நின்னு ஆடுனாக்கூட தாங்கும். தருணே ஏறி ஆடலாம்."

"நல்ல கோழிக்கூண்டுண்ணே" என்றான் தருண்.

குழந்தைக்கு முதல் சட்டை கௌசிகா கொடுத்தது, அவளுடைய தங்கை மகன் போட்ட பழையது. அதை மாட்டித் தொட்டிலில் கிடத்தினார்கள். லோகேஷ் குனிந்து பார்த்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பிறந்த குழந்தை எதைக் கொடுத்தாலும் பிடிக்கும். அவர் விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"எங்க வீட்ல ஒன்னு மாட்டி வச்சிருக்கேன் பாரு, காயிதம்" என்றார் குழந்தையிடம். "உனக்கு ஒரு அக்கா இருக்கா, நான் அக்கான்னே வச்சிருக்கேன். எங்கியோ இருக்கா. அவளுக்கு என் கால குடுத்தேன். உனக்கு இத குடுத்திருக்கேன். கணக்கு சரியாப் போச்சா?"

கௌசிகா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். மகிழினியைப் பார்த்தாள். இன்றைக்கு இல்லை என்று தலையை லேசாக அசைத்தாள்.

லோகேஷ் இப்போது தினமும் வேலைவிட்டதும் நேராக வருகிறார். தொட்டிலை ஆட்டுகிறார். அதற்கு நேர் மேலே, பரணில், கோணிச் சாக்கு சுற்றிய சீட் இருக்கிறது. அவருடைய கால் ஒரு குழந்தைக்காகப் போகவில்லை, எட்டே கால் கிலோ பூசணிக்காய்க்காகப் போனது. அந்த உண்மையை இரண்டு பெண்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.